கமகத்துக்கு எந்தப் பெட்டி? ப்யூர் டேட்டா, மேக்ஸ், வி.சி.வி. ரேக், பிட்விக்: ஒரு செட்டிநாட்டுக் கணக்கு

மின்னணு இசையில் உயிர் இல்லை என்று வருந்துகிறவர்கள் முதலில் செய்வது புதிய ஒலிகளை வாங்குவது. நாதஸ்வர சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துணுக்கு) தொகுப்பு ஒன்று, வீணைத் தொகுப்பு ஒன்று, மேலே கொஞ்சம் எதிரொலி. பணம் போகும்; குறை அப்படியே இருக்கும். காரைக்குடியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் நாதஸ்வர ஒலியில் தோடி வாசித்ததைக் கேட்ட மூத்த நாயனக்காரர், "தம்பி, நிற்கிற இடமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. வருகிற வழியைத்தான் காணோம்" என்றார். ஒலிப்பொறியாளர் ஒருவர் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையை அழுத்தி வரவழைக்க முடியாது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடுகிற அசைவுதான் அந்தக் காந்தாரம். இப்படி ஸ்வரத்தை ஆட்டியும் வளைத்தும் வழுக்கியும் எடுப்பதற்குத்தான் கமகம் என்று பெயர். அசைவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நேராக நின்றால் ராகமே கையை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது "இதில் என்னென்ன ஒலிகள் இருக்கின்றன" என்பது இரண்டாவது கேள்வி. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையை என் கையில் கொடுக்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்தப் பாதையைக் கையில் கொடுப்பதற்குக் காட்சிமுறை நிரலாக்கத்தைப் போல எளிய வழி வேறு இல்லை என்பது என் கருத்து. வரி வரியாக நிரல் எழுதாமல், திரையில் சிறு பெட்டிகளை வைத்து அவற்றைக் கம்பிகளால் இணைப்பது. ஒரு பெட்டி ஸ்வரத்தை வாங்கும், ஒன்று வளைக்கும், ஒன்று ஒலிக்கும். இப்படி இணைத்த அமைப்புக்குப் பேட்ச் என்று பெயர்.

என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் மேலே சொன்ன மேடைக்காரர். மாசி முதல் சித்திரை வரை திருவிழாக்களில் மூச்சு விட நேரமில்லாதவர், கையில் பழைய விண்டோஸ் லேப்டாப். இன்னொருவர் பள்ளத்தூரில் வீணை கற்றுவிட்டு இப்போது லேப்டாப்பில் இசையமைக்கும் கல்லூரி மாணவி. இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீள்கிறது.

எதை வைத்து அளப்பது

சாதாரணக் கீபோர்டு ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதியை வைத்திருக்கிறது. அது எந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் ஒரே நேரத்தை எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் போகும். நல்ல ஜாரு, அதாவது வழுக்கிப் போகும் கமகம், அப்படிப் போவதில்லை. மெல்லக் கிளம்பும், நடுவில் விரையும், சேரும் இடத்தில் சற்றே தாண்டிவிட்டுத் திரும்பி அமரும். அதிர்வுப் பொத்தானும் அப்படியே. நொடிக்கு ஐந்தாறு முறை, மேலும் கீழும் சம அளவில் ஆடும் ஓர் அலை. மேற்கத்தியப் பாடகரின் குரலுக்கு அது பொருந்தும். கம்பிதம் என்ற ஆடும் கமகம் இரு பக்கமும் சமமாக ஆடாது. ஒரு முனையில் தங்கும், மறு முனையைத் தொட்டுவிட்டு வரும். காலப்பிரமாணத்தோடு சேர்ந்து அதன் வேகமும் மாறும்.

"பிட்ச் வீல் (சுருதியை வளைக்கும் சக்கரம்) இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. மின்னணுக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் இந்தச் சக்கரத்துக்கு 16,384 படிகள் உண்டு. வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைஸ்வரம் (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஓர் அரைஸ்வரம்), கீழே இரண்டு. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபத்திலிருந்து சாதாரண காந்தாரம் இரண்டு அரைஸ்வரம், அங்கிருந்து சுத்த மத்தியமம் இரண்டு அரைஸ்வரம். காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனாலும் கேட்டால் தோடி வரவில்லை. காரணம், சக்கரம் சுருதியை மட்டும் நகர்த்துகிறது. ஒலியின் கனமும் கூர்மையும் அப்படியே கிடக்கின்றன. டேப் ரெக்கார்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது போலத்தான் அது கேட்கும். நாயனக்காரர் உதட்டால் சீவாளியை, அதாவது ஊதும் நாணலை, அழுத்தி, மூச்சைக் கூட்டிச் சுருதியை ஏற்றும்போது ஒலியின் அளவு, கூர்மை, சுருதி மூன்றும் ஒன்றாக நகர்கின்றன. எது எதனால் நகர்ந்தது என்று பிரிக்க முடியாத அந்தப் பிணைப்பில்தான் ஓசை உயிருள்ளதாகிறது.

ஆண்டி ஹண்ட், மார்செலோ வான்டர்லி என்ற ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஒரு குமிழ் ஒரு விளைவு என்று பிரித்துக் கொடுத்த மின்னணுக் கருவியைவிட, ஒரு அசைவு பல விளைவுகளையும் பல அசைவுகள் ஒரு விளைவையும் தொடும்படி பின்னிய கருவியே வாசிப்பவர்களை நெடுநேரம் ஈர்த்தது என்பது அவர்கள் கண்டது. சத்தம் தொடர்ந்து வர வேண்டுமானால் கை தொடர்ந்து இயங்கியாக வேண்டும் என்ற ஏற்பாடும் அவர்களுடைய சோதனையில் இருந்தது. வில் போடும் வயலின்காரருக்கு இது புதிய செய்தி இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள குன்றக்குடியின் பெயரைச் சுமந்த குன்னக்குடி வைத்தியநாதன் வயலினையும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலையும் ஒரே மேடையில் உட்கார வைத்தபோது, தவிலின் இரைச்சலுக்கு ஈடுகொடுத்தது வயலினின் ஒலியளவு மட்டும் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவர் வில்லால் தள்ளிய விதம்.

வீணைக்கு வேறு கணக்கு. காரைக்குடிச் சகோதரர்களின் வீணை மரபைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் வீணையைப் பற்றிப் பேச முடியாது. மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர், இளையவரான சாம்பசிவ ஐயர் பின்னாளில் கலாக்ஷேத்திரத்தில் கற்பித்தவர். வீணையில் மீட்டு விழுந்த கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குகிறது. கமகம் முழுவதும் அந்தத் தேய்விலேயே நடக்கிறது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏற மட்டுமே செய்யும். அதனால் கீழ் மெட்டில் நின்றுகொண்டு மேல் ஸ்வரத்தை இழுத்து எடுக்கிறார்கள். இதைக் கணினியில் செய்ய வேண்டுமானால் மீட்டும் இழுப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒலி தனக்குள்ளே சுற்றிச் சுற்றித் தேயவும் வேண்டும்.

ப்யூர் டேட்டா

1980-களில் பாரிஸ் நகரின் இர்காம் ஆய்வகத்தில் மில்லர் பக்கெட் என்பவர் உருவாக்கியது மேக்ஸ். கணினி இசையின் முன்னோடியான மேக்ஸ் மேத்யூஸின் பெயர் அதற்கு. அதே பக்கெட் 1996-இல் இலவசமாக, மூலநிரலைத் திறந்துவைத்து எழுதியது ப்யூர் டேட்டா. முப்பது ஆண்டு ஆகியும் முகம் மாறவில்லை: வெள்ளைத் திரை, கறுப்புக் கோடு, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பல பேர் இந்த முதல் பார்வையிலேயே மூடிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே வந்தது போல இப்போது ப்ளக்டேட்டா இருக்கிறது. உள்ளே அதே ப்யூர் டேட்டா, வெளியே நல்ல முகம், கூடவே பயனுள்ள பெட்டித் தொகுப்புகள். ஏற்கெனவே பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளுக்குள் ப்ளக்-இன்னாகவும் போய் உட்காரும். இதுவும் இலவசம்.

கமகத்துக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஒரு சிறு உதாரணம் போதும். ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு ஜாரு வேண்டும். கீழ் ஷட்ஜம் 220 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 440 என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண்ணை நேர்கோட்டில் நகர்த்தினால் பாதி நேரத்தில் 330-இல் நிற்போம், அது பஞ்சமம். ஆனால் காதுக்குப் பாதி வழி என்பது ஆறு அரைஸ்வரம், ஏறக்குறைய 311 ஹெர்ட்ஸ், அதாவது பிரதி மத்தியமம். முதல் முறையில் ஜாரு தொடக்கத்தில் அவசரப்பட்டு முடிவில் இழுக்கும். ப்யூர் டேட்டாவில் இதைச் சரி செய்ய ஒரு பெட்டியின் இடத்தை மாற்றினால் போதும். ஸ்வர எண்ணை அதிர்வெண்ணாக்கும் 'எம்-டு-எஃப்' பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வழுக்கலை அதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும். கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். காட்சிமுறை என்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

அடுத்தது இன்னும் சுவையானது. ப்யூர் டேட்டாவில் ஒரு கட்டம் திறந்து அதில் சுட்டியால் வளைகோடு வரையலாம். அந்தக் கோட்டை ஒரு பெட்டி படித்துச் சுருதியின் மேல் ஏற்றும். தோடிக் காந்தாரத்தின் அசைவை ஒரு வளைவாக வரைந்து, படிக்கும் வேகத்தைத் தாளத்தோடு கட்டி, ஆழத்தைக் கீபோர்டின் இன்னொரு சக்கரமான மாடுலேஷன் சக்கரத்துக்குக் கொடுத்துவிடலாம். அதே வளைவிலிருந்து இன்னொரு கம்பி இழுத்து, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டிக்குக் கொடுத்தால், சுருதி ஏறும்போது ஒலி கூர்மையாகும், இறங்கும்போது மங்கும். சீவாளியின் பிணைப்பில் ஒரு பங்காவது அப்போது வந்துவிடுகிறது.

வரைவதிலும் நல்லது பாடுவது. ப்யூர் டேட்டாவோடு வரும் 'சிக்மண்ட்' பெட்டி, மைக்கில் வரும் குரலின் சுருதியைக் கணத்துக்குக் கணம் எண்ணாகச் சொல்லும். ஒரு பிடியை, அதாவது ராகத்தின் அடையாளமான சிறு தொடரைப் பாடி, அந்த எண்களைக் கட்டத்தில் நிரப்பி, மின்னணு ஒலியின் மேல் ஏற்றினால் உங்கள் குரலின் பாதையில் அந்த ஒலி நடக்கும். பாடும்போது சுருதிப்பெட்டியை ஹெட்போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் ஒலித்தால் சிக்மண்ட் குழம்பிவிடும். மாணவி இதைக் கேட்டபோது ஆச்சரியப்படவில்லை. "பாடாமல் வீணை வாசிக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியை சொல்வார்" என்றாள். பதிந்த வளைவை அப்படியே திரும்பத் திரும்பப் போட்டால் மூன்றாம் முறையே இயந்திரம் பல்லிளிக்கும். நாலைந்து வளைவுகளை வைத்துக்கொண்டு, முந்தைய ஸ்வரம் கீழே இருந்ததா மேலே இருந்ததா என்று பார்த்து ஆரோகணத்துக்கு ஒன்று, அவரோகணத்துக்கு ஒன்று எடுக்கச் செய்ய வேண்டும். இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டி ஒன்று போதும்.

குறை எங்கே? வீணையில். தந்தியைக் கணினியில் உருவாக்க 1983-இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது: ஒரு சிறு இரைச்சலைத் தாமத வளையத்தில் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சற்றே மழுக்குவது. வளையத்தின் நீளம்தான் சுருதி. ப்யூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் (இங்கே இது ஒலியின் ஒரு கணத்து அளவெண்) கொண்ட துண்டுகளாகக் கையாள்கிறது. சுற்றி வரும் வளையம் அதைவிடக் குறுகியதாக இருக்க முடியாது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் 689 ஹெர்ட்ஸுக்கு மேல் தந்தி பேசாது. ஷட்ஜத்தை 165 ஹெர்ட்ஸ் அருகே வைத்து இரண்டு ஸ்தாயி ஏறினால் 660. அங்கிருந்து ஓர் அரைஸ்வரம் ஏறுவதற்கே இடம் இல்லை. துண்டின் அளவை ஒரே சாம்பிளாகக் குறைத்துப் பேட்சுக்குள் ஓர் உள்பேட்ச் போட்டால் தப்பிக்கலாம், பழைய லேப்டாப் மூச்சு வாங்கும்.

மேக்ஸ்

அந்த 64 சாம்பிள் சுவர் மேக்ஸில் இல்லை. 2011-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அதில் 'ஜென்' என்ற பகுதி இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு சாம்பிளாகக் கணக்குப் போடலாம், வளையம் எவ்வளவு குறுகியதானாலும் சரி. பல ஸ்வரங்களை ஒரே கம்பியில் அனுப்பும் வசதியும் உண்டு. உதவிப் பக்கங்கள் மேக்ஸில் இருப்பது போல வேறெதிலும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் இயங்கும் உதாரணம் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தே கற்கலாம். மேக்ஸை வெளியிடும் சைக்ளிங் 74 நிறுவனத்தை 2017-இல் ஏபிள்டன் வாங்கியது. ஆகவே ஏபிள்டன் லைவின் சூட் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மேக்ஸ் ஃபார் லைவ் கூடவே வருகிறது. பாட்டை லைவில் அடுக்கிவைத்து, கமகத்துக்கான பேட்சை அதற்குள்ளேயே வைக்கலாம்.

தடை பணம். மேக்ஸைத் தனியாக வாங்கினால் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். லைவ் சூட் அதற்கும் மேலே. மாணவர்களுக்குச் சலுகை உண்டு. சோதனைக் காலம் முடிந்த பிறகும் பேட்சைத் திறக்கலாம், ஓட்டலாம். சேமிக்க மட்டும் முடியாது. அதாவது வேறொருவர் செய்துகொடுத்த பேட்சை வாசிக்க மட்டும் வேண்டுமானால் காசே தேவையில்லை. லினக்ஸில் இயங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம்: கையில் சூட் ஏற்கெனவே இல்லாதவர்கள் முதல் ஆண்டில் மேக்ஸ் வாங்கத் தேவையில்லை. பெட்டிகளின் பெயரும் போக்கும் ப்யூர் டேட்டாவை ஒத்திருப்பதால், அங்கே கற்றது இங்கே வீணாகாது. ப்யூர் டேட்டாவின் சுவரில் முட்டிய பிறகு இங்கே வருவதுதான் முறை.

வி.சி.வி. ரேக்

2017-இல் வந்தது. தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைத்து ஒலியெழுப்பும் பழைய மாடுலர் சிந்தசைசரைத் திரையில் அப்படியே காட்டும்: அலமாரி, குமிழ்கள், வண்ண வண்ணக் கம்பிகள். கண்ணுக்கு நாலு மென்பொருளிலும் இதுதான் அழகு. தனியாக ஓடும் பதிப்பு இலவசம். ப்ளக்-இன்னாக ஓட வேண்டுமானால் ப்ரோ பதிப்புக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்குக் கார்டினல் என்ற இலவச ப்ளக்-இன் வடிவம் இருக்கிறது.

இதில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்பது வழக்கு. அதனால் வழுக்கலை எங்கே போட்டாலும் அது ஸ்வரக் கணக்கிலேயே நடக்கிறது. மேலே சொன்ன பஞ்சமச் சங்கடம் வருவதே இல்லை. ஒவ்வொரு சாம்பிளாக இயங்குவதால் தந்தி வளையமும் எளிது. கம்பி ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள் தாமதிக்கும், அவ்வளவுதான். வீணை மாதிரித் தேய்ந்து போகும் ஒலியை ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம்.

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே? ஒத்து (விடாமல் ஒலிக்கும் ஆதார ஸ்வரம்), சுருதி, பின்னணியில் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் ஓசை ஆகியவைதான் உங்களுக்கு வேண்டும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ராகத்தின் நியதி என்று வரும்போது இது திணறுகிறது. "மேலிருந்து வந்தால் இந்தப் பிடி, கீழிருந்து வந்தால் அந்தப் பிடி, நீண்டு நின்றால் மட்டும் அசைவு" என்பதைப் ப்யூர் டேட்டாவில் நாலைந்து பெட்டிகளில் சொல்லிவிடலாம். ரேக்கில் அதே விஷயத்துக்கு அலமாரியில் ஒரு வரிசையே நிரம்பிவிடும், கம்பிகளுக்கு நடுவே எது எங்கே போகிறது என்று தெரியாது. லேப்டாப்பின் விசிறி வேறு மாவு அரைக்கும் இயந்திரம் மாதிரிச் சத்தம் போடும்.

பிட்விக்கின் கிரிட்

பெர்லினிலிருந்து வரும் பிட்விக் ஸ்டூடியோவில் 2019-இன் மூன்றாம் பதிப்பு முதல் கிரிட் இருக்கிறது. பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் கையாள்வது இதில் இயல்பாகவே வருகிறது; ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வளைவு, தனி அழுத்தம் என்பதை அமைக்கப் பாடுபட வேண்டியதில்லை. லினக்ஸிலும் ஓடும். ஆனால் முழுப் பதிப்பை வாங்க வேண்டும். செய்த பேட்ச் பிட்விக்குக்கு வெளியே எங்கும் போகாது. மேடையிலும் வீட்டிலும் பிட்விக்கையே வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி. நான் சொன்ன இருவரும் அந்த வகை இல்லை.

கைக்கு என்ன வேண்டும்

மென்பொருளைவிடக் கைக்கருவியில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எம்.பி.இ. என்ற முறை 2018-இல் மிடியின் அதிகாரபூர்வ நீட்சியானது. சாதாரண மிடியில் சக்கரத்தைத் திருப்பினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்து வளையும், எம்.பி.இ.யில் ஒவ்வொரு ஸ்வரமும் தனிச் சேனலில் போவதால் ஒவ்வொன்றையும் தனியாக வளைக்கலாம், அழுத்தலாம். லின்ஸ்ட்ருமென்ட், சீபோர்டு, ஆஸ்மோஸ் போன்ற கருவிகள் இதற்கானவை. விலை லட்சத்தைத் தொடும், சில தாண்டும்.

நம் இசைக்கு இது கட்டாயமா? ராக ஆலாபனையில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கிறது. ஒத்தை இன்னொரு சேனலில் போட்டுவிட்டால், பழைய மிடிச் சேனல் ஒன்றே கமகத்துக்குத் தாராளம். பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவிட்டு வளைக்கும் மேற்கத்தியக் கலைஞருக்குத் தீர்க்க வேண்டிய சிக்கல் நமக்கு இல்லவே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே எம்.பி.இ. கீபோர்டைக் கடைசியாக வாங்கச் சொல்வேன்.

அதற்குமுன் வாங்க வேண்டியது கால் மிதி. எக்ஸ்பிரஷன் மிதியை ஒலியளவுக்கு மட்டும் கட்டிவிடாமல், ஒலியளவு, வடிகட்டி, அசைவின் ஆழம் மூன்றுக்கும் வெவ்வேறு விகிதத்தில் கட்டிப் பாருங்கள். ஹார்மோனியத்தின் துருத்தியைப் பழகியவர்களுக்குக் கால் இதை உடனே கற்றுக்கொள்ளும். மூச்சால் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. மிடியின் கட்டுப்பாட்டு எண்களில் இரண்டாவது மூச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எதுவும் வாங்க வழியில்லை என்றால் கைபேசி இருக்கிறது. அதன் சாய்வை வைஃபை வழியாக ஓ.எஸ்.சி. என்ற இசைக்கருவிப் பிணைய முறையில் செய்திகளாக அனுப்பும் செயலிகள் உண்டு, ப்யூர் டேட்டா அவற்றை நேரடியாகப் படிக்கும். ஆயிரம் கைபேசிகள் கூடும் திருவிழா மேடையில் மட்டும் வைஃபையை நம்ப வேண்டாம்.

இரண்டு நுட்பங்கள். சக்கரம் அல்லாத மிடிக் குமிழ்கள் 128 படிகள் மட்டுமே தருகின்றன. நான்கு அரைஸ்வர அசைவை அதில் கட்டினால் படி ஒன்றுக்கு மூன்று சென்ட் (ஓர் அரைஸ்வரத்தில் நூற்றில் மூன்று பங்கு). நீண்ட ஸ்வரத்தில் படிக்கட்டுச் சத்தம் கேட்கும். நடுவில் 20 மில்லிநொடி சமன்படுத்தும் பெட்டி ஒன்று போட்டால் மறையும். இன்னொன்று தாமதம். கைக்கும் காதுக்கும் இடையே பத்து மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது டேவிட் வெஸ்ஸல், மாத்யூ ரைட் ஆகியோர் முன்வைத்த அளவு, இன்றும் பலர் கைக்கொள்வது. நொடிக்கு 48,000 சாம்பிளில் 256 சாம்பிள் இடையகம் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்) என்றால் 5.3 மில்லிநொடி, 512 என்றால் 10.7. விண்டோஸ் லேப்டாப்பின் சொந்த ஒலிப்பாதையில் இது பெரும்பாலும் நடக்காது. தாமதத்தைக் குறைக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவருடன் வரும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று அவசியம். மென்பொருளில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே போடலாம்.

இருவருக்கும் சொன்னது

மேடை நண்பருக்கு: ப்ளக்டேட்டா, கால் மிதி, ஆடியோ இன்டர்ஃபேஸ். வேறொன்றும் வேண்டாம். நாதஸ்வர சாம்பிளையும் விட்டுவிடச் சொன்னேன், அவருக்கு அதில்தான் வருத்தம். நாதஸ்வரம் வேண்டும் என்றால் நாயனக்காரரை அழைப்பதுதான் நியாயம், அவருக்கும் நாலு காசு போகும். மின்னணு ஒலி மின்னணு ஒலியாகவே இருக்கட்டும். பாதை சரியாக அமைந்த ஒரு சாதாரண ரம்ப அலை, பாதையே இல்லாத விலையுயர்ந்த சாம்பிளைவிடப் பாடும். அவர் முதலில் செய்ய வேண்டியது ஒரே ராகத்துக்கு ஒரு பேட்ச். தோடியில் தொடங்க வேண்டாம் என்றேன், மோகனம் போதும். அசைவு குறைவு, ஜாருவைச் சீராக்கப் பழகலாம், மேடையிலும் அன்றாடம் கேட்கிறார்கள். பேட்ச் நிலைபெற்ற பிறகு அதைப் ப்யூர் டேட்டாவில் திறந்து ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் ஏற்றிவிட்டால், சித்திரை வெயிலில் ஜெனரேட்டர் மின்சாரத்தை நம்பி லேப்டாப்பை மேடைக்குத் தூக்க வேண்டியதில்லை. சிறிய பவர் பேங்கே அதை ஓட்டும்.

மாணவிக்கு: ப்யூர் டேட்டாவில் 'பாடி வரைதல்' முதல் வேலை. அவளுக்குக் காது இருக்கிறது, வளைவு சரியா தவறா என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். வீணைத் தந்தியை உருவாக்கும் ஆசை முற்றினால் வி.சி.வி. ரேக்கின் இலவசப் பதிப்பில் வளையத்தைப் புரிந்துகொண்டு, பிறகு மாணவச் சலுகையில் மேக்ஸுக்குப் போகலாம். மீட்டையும் இழுப்பையும் பிரித்துக் கட்டும்போது ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம்: இழுப்பு சுருதியை ஏற்ற மட்டுமே செய்ய வேண்டும். அந்தப் பேட்சில் இறக்கத்தை அனுமதித்தால் கிட்டார் கம்பியைத் தளர்த்தியது மாதிரி ஒலிக்கிறது.

நிரலாக்கமே வேண்டாம், நல்ல மின்னணு ஒலியை விரலால் கொஞ்சம் வளைத்தால் போதும் என்கிறவர்கள் சர்ஜ் எக்ஸ்.டி. என்ற இலவச சிந்தசைசரை எடுத்துக்கொள்ளலாம், எம்.பி.இ. கூட அதில் உண்டு. எழுத்தில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு சூப்பர்கொலைடரும் ஃபாஸ்டும் இருக்கின்றன, சக்தியில் குறைவில்லை. ஆனால் ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் வளைவைத் திரையில் சுட்டியால் இழுத்துத் திருத்தும் வசதிக்கு நான் பழகிவிட்டேன். பந்தலில் மைக் சோதனை நடக்கும்போது அருகில் இருக்கும் நாயனக்காரர் "இன்னும் கொஞ்சம் மத்தியமத்தைத் தொட்டுவிட்டு வரட்டும்" என்று சொன்னால், அங்கேயே, அவர் கண்முன்னே கோட்டைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி வாசித்துக் காட்டலாம்.